தூண் நகர்ந்தது, எண் நகரவில்லை: ஆட்டோகேட் குரூப் சிக்கல்களைச் சரிசெய்த பதிவு

வாகன நிறுத்தத் தளமும் அதன்மேல் மூன்று குடியிருப்புத் தளங்களும் கொண்ட ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் வரைபடம், ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளில் வேறோர் அலுவலகத்தில் தொடங்கப்பட்டுப் பாதி வேலையில் எங்களிடம் வந்தது. எங்களுக்குத் தரப்பட்ட பணி பார்வைக்கு எளியது. கார்கள் திரும்புவதற்கு இடம் போதவில்லை என்பதால் மேற்கு வரிசைத் தூண்களைச் சுற்றுச்சுவர்ப் பக்கமாக 150 மி.மீ. தள்ள வேண்டும், அதே மாற்றம் நான்கு தளங்களின் வரைபடங்களிலும் ஒன்றுபோல வர வேண்டும். தூணின் வெளிக்கோடு, உள்ளே நிரப்பிய ஹேட்ச், எண், மையக்கோடு ஆகியவை ஒவ்வொரு தூணுக்கும் ஒரு குரூப்பாகச் சேர்க்கப்பட்டிருந்தன. எனவே ஒவ்வொன்றாகத் தொட்டு நகர்த்தினால் வேலை முடிந்துவிடும் என்றுதான் தோன்றும்.

நடந்தது வேறு. உடன் பணிபுரியும் இளைஞர் சற்று நேரத்தில் அழைத்தார். "சார், தூணை நகர்த்தினா நம்பர் மட்டும் அங்கேயே நிக்குது. இந்தக் கதவைத் தொட்டா மாடிப்படியும் சேர்ந்து செலக்ட் ஆகுது." அருகில் அமர்ந்து பார்த்தபோது இன்னும் சில தெரிந்தன. வரவேற்பறையின் தரை ஓடுகளுக்கான ஹேட்ச்சைத் தொட்டால் சுற்றியுள்ள சுவர்க்கோடும் சேர்ந்து தேர்வானது. கோப்பு முழுவதும் மந்தமாக அசைந்தது. திரையில் பெரிய தேர்வுச் சாளரம் இழுத்துப் பொருள்களைத் தேர்வு செய்தால், சுட்டி நின்று நின்று நகர்ந்தது. இவை அனைத்தையும் "குரூப் கெட்டுப்போயிருக்கிறது" என்ற ஒரே பெயரில் சொல்லிவிடலாம். ஆனால் பிரித்துப் பார்த்தபோது இவற்றுக்குப் பின்னால் வெவ்வேறு காரணங்கள் இருந்தன என்பதும், அவற்றில் ஒன்றுக்குக் குரூப்போடு தொடர்பே இல்லை என்பதும் தெரியவந்தன.

எங்கே தேடுவது என்று முடிவு செய்வதற்கு, ஆட்டோகேட்டில் குரூப் என்றால் என்ன என்பதைத் தெளிவாக மனத்தில் வைத்துக்கொள்வது அவசியம். பிளாக் என்பது கோப்புக்குள் ஓரிடத்தில் வரையறுத்து வைக்கப்பட்ட ஓர் உருவம். வரைபடத்தில் நாம் காண்பது அதற்கான குறிப்பு மட்டுமே. குரூப் அப்படிப்பட்டதன்று. அதற்குள் எந்த உருவமும் இல்லை. எந்தெந்தப் பொருள்கள் சேர்ந்து தேர்வாக வேண்டும் என்ற பட்டியல் மட்டுமே இருக்கிறது. குடும்ப அட்டையில் பெயர்கள் இருக்கும், ஆட்கள் அவரவர் இடத்தில் இருப்பார்கள் அல்லவா, அப்படி. கோடு தன் லேயரில் (ஒருவகைப் பொருள்களைத் தனியே வைக்கும் அடுக்கில்) தன் போக்கில் இருக்கிறது. அதன் அடையாள எண் ஒரு பட்டியலில் எழுதப்பட்டிருக்கிறது, அவ்வளவே. 1994-இல் வெளிவந்த 13-ஆம் பதிப்பில் குரூப் கட்டளை வந்த நாளிலிருந்து இந்த அமைப்பு மாறவில்லை. 2012 பதிப்பில் கட்டளையின் முகப்பை எளிமையாக்கினார்கள். பழைய உரையாடல் பெட்டியைக் கிளாசிக்குரூப் என்ற பெயரில் தனிக் கட்டளையாக வைத்துக்கொண்டார்கள். சிக்கலைத் தேடும்போது அந்தப் பழைய பெட்டிதான் எனக்கு அதிகம் பயன்படுகிறது.

வேலையைத் தொடங்குமுன் கோப்பின் நகலை வேறு பெயரில் சேமித்து, ஆடிட் கட்டளையை இயக்கிப் பிழைகளைத் திருத்தச் சொன்னேன். பிறர் கையிலிருந்து வந்த கோப்பில், உள்ளே தரவு சிதைந்திருக்கிறதா இல்லையா என்பது தெரியாமல் மற்றவற்றை ஆராய்வது வீண் வேலை. இங்கே குறிப்பிடும்படியான பிழை எதுவும் வரவில்லை. ஆகவே சிக்கல், கோப்பு சிதைந்ததால் வந்ததன்று. கோப்பு வரையப்பட்ட விதத்தால் வந்தது.

அடுத்து, தொட்டவுடன் மொத்தமாகத் தேர்வாகும் பொருள் உண்மையிலேயே குரூப்தானா என்று பார்த்தேன். பிளாக், அசோசியேட்டிவ் அரே (ஒரே உருவத்தை வரிசையாக அடுக்கிய தொகுப்பு), குரூப் ஆகிய மூன்றும் ஒரே சொடுக்கில் மொத்தமாகத் தேர்வாகும். ஆனால் மூன்றுக்கும் மருந்து வேறு. பிராப்பர்ட்டீஸ் பலகையைத் திறந்து வைத்துக்கொண்டு தொட்டால், பிளாக்கும் அரேயும் தம் பெயரைச் சொல்லிக்கொண்டு ஒற்றைப் பொருளாக நிற்கும். குரூப்பாக இருந்தால், உள்ளே உள்ள கோடு, ஹேட்ச், எழுத்து ஆகியவை தனித்தனியே எண்ணப்பட்டு, மொத்த எண்ணிக்கையோடு பட்டியலாக வரும். நகர்த்தும் கட்டளைக்குள் இருந்துகொண்டு தேர்வு செய்தால் கட்டளை வரியும் உதவும். எத்தனை பொருள்கள் கிடைத்தன என்பதோடு, அவை ஒரு குரூப்பிலிருந்து வந்தவை என்பதையும் அது அங்கேயே எழுதிக் காட்டும். அந்த வரியைப் படிக்கும் பழக்கம் இல்லாதவர்கள் இந்தத் தொழிலில் மிகப் பலர். படித்தால் பாதி நோய் அங்கேயே தெரிந்துவிடும்.

முதலில் எளியதை எடுத்துக்கொண்டேன். தரை ஹேட்ச்சைத் தொட்டபோது கட்டளை வரியில் குரூப் என்ற சொல்லே வரவில்லை. ஆனாலும் சுவர்க்கோடு சேர்ந்து தேர்வானது. பிக்ஸ்டைல் என்ற அமைப்பு மாறியின் மதிப்பைக் கேட்டபோது 3 என்று வந்தது. இந்த மாறிக்கு நான்கு மதிப்புகள் உண்டு. 0 என்றால் குரூப்பும் மொத்தமாகத் தேர்வாகாது, ஹேட்ச்சோடு எல்லைக்கோடும் வராது. 1 என்றால் குரூப் மட்டும் மொத்தமாகத் தேர்வாகும். மென்பொருள் இயல்பாகத் தருவது இதுதான். 2 என்றால் ஹேட்ச்சைத் தொடும்போது அதன் எல்லைக்கோடு சேர்ந்து வரும். 3 என்றால் இரண்டும். இந்த வரைபடத்தில் தரை ஓட்டின் எல்லையாகச் சுவரின் உட்பக்கப் பாலிலைனே (பல கோடுகள் சேர்ந்த ஒரே பொருள்) பயன்பட்டிருந்ததால், ஹேட்ச்சை அழிக்கப் போனால் சுவரும் அழிந்துவிடும் நிலை. மதிப்பை 1 ஆக்கியதும் அது தீர்ந்தது. இங்கே குரூப் எதுவும் இல்லை என்பதைக் கவனிக்காமல் குரூப்பைக் கலைக்கும் கட்டளைகளை எத்தனை முறை இயக்கினாலும் பயன் கிடைத்திருக்காது.

இதே மாறியைப் பற்றி இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். நேற்றுவரை ஒழுங்காக இருந்த குரூப்கள் இன்று அனைத்தும் ஒரே நேரத்தில் உதிரிகளாகத் தேர்வாகின்றன என்றால், குரூப்கள் கலைந்துவிடவில்லை. தேர்வின் சுவிட்ச் அணைந்திருக்கிறது. கண்ட்ரோல், ஷிஃப்ட், ஏ ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் குரூப் தேர்வு அணையும், மீண்டும் அழுத்தினால் ஒளிரும். கண்ட்ரோலும் ஹெச்சும் சேர்ந்தால் பிக்ஸ்டைல் மாறும். வேர்டில் சொல்லைத் தேடி மாற்றுவதற்கு இதே இரு விசைகளைத்தான் அழுத்துகிறோம். காலை முழுவதும் மதிப்பீட்டு அறிக்கையைத் தட்டச்சு செய்துவிட்டு வரைபடத்துக்கு வருபவரின் விரல், பழக்கத்தால் அங்கே போவது இயல்பு. ஆட்டோகேட்டுக்குள் இயங்குவதற்காக லிஸ்ப் மொழியில் எழுதும் நிரல்களும் ஒரு காரணம். தம் வேலைக்காகப் பிக்ஸ்டைலை 0 ஆக்கிக்கொள்ளும் நிரல், பாதியில் எஸ்கேப் அழுத்தப்பட்டால், பழைய மதிப்பைத் திருப்பி வைக்காமல் நின்றுவிடக்கூடும். எனவே ஏதேனும் ஒரு குரூப் மட்டும் பிரிந்து தேர்வானால் அந்தக் குரூப்பின் தன்மையைப் பார்க்க வேண்டும். எல்லாமே பிரிந்தால் சுவிட்ச்சைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு குரூப்புக்கும் 'தேர்வாகும்', 'தேர்வாகாது' என்ற தனிக் குறிப்பும் உண்டு. கிளாசிக்குரூப் பெட்டியில் பெயருக்கு எதிரே அது தெரியும்.

தூண் எண்ணின் சிக்கலுக்குக் காரணம் லேயர். எண்கள் இருந்த லேயரை முந்தைய அலுவலகத்தில் பூட்டி வைத்திருந்தார்கள். யாரும் தவறுதலாக எண்ணை மாற்றிவிடக் கூடாது என்ற நல்ல நோக்கமாகவே இருக்க வேண்டும். ஆனால் பூட்டிய லேயரில் இருக்கும் உறுப்பு, குரூப்பில் பெயர் இருந்தாலும் மாற்றத்துக்கு உட்படாது. தூணின் கோடும் ஹேட்ச்சும் 150 மி.மீ. நகர்ந்தன, எண் நின்ற இடத்திலேயே நின்றது. இதில் ஓர் ஆறுதல் உண்டு: பொருள் பூட்டிய லேயரில் இருப்பதைக் கட்டளை வரி சொல்லிவிடும். மேலும் எண் கண்ணுக்குத் தெரிவதால், அது விலகி நிற்பதும் உடனே தெரிந்துவிடும்.

ஃப்ரீஸ் செய்த லேயர் அப்படியல்ல. இந்த வரைபடத்தில் என்னை உண்மையாகவே கவலைப்படுத்தியது இந்த இடம்தான். தூண்களின் மையக்கோடுகள் தனி லேயரில் இருந்தன. வாகன நிறுத்தத் தளத்தில் கார்களின் இடத்தைப் பார்ப்பதற்குத் தடையாக இருக்கும் என்பதால் அந்த லேயர் ஃப்ரீஸ் செய்யப்பட்டிருந்தது. ஃப்ரீஸ் ஆன பொருள் திரையில் இல்லை, தேர்விலும் சேராது. எனவே தூணைத் தொட்டு நகர்த்தும்போது மையக்கோடு பழைய இடத்தில் தங்கிவிடும், அதைப் பற்றி எந்தச் செய்தியும் வராது. எல்லா லேயர்களையும் திறந்து பார்த்தபோது, சோதனைக்காக நகர்த்திய முதல் இரண்டு தூண்களின் மையக்கோடுகளும் தூணின் நடுவில் இல்லாமல், 230 மி.மீ. அகலத் தூணின் விளிம்பையும் தாண்டி வெளியே நின்றன. பாதி அகலம் 115 மி.மீ.; நகர்த்தியதோ 150. ஆகவே கோடு தூணுக்கு வெளியே 35 மி.மீ. தள்ளி நின்றது. களத்தில் தூணின் இடத்தைக் குறிப்பது மையக்கோட்டை வைத்துத்தான். நூல் கட்டி, மையத்தைக் குறித்து, அதிலிருந்துதான் அடித்தளத்துக்குக் குழி தோண்டுவார்கள். தளவரைபடத்தில் தூண் ஓரிடத்திலும், மையக்கோட்டு வரைபடத்தில் வேறோரிடத்திலும் அச்சாகிப் போயிருந்தால், அதன் விளைவு கணினியோடு நின்றிருக்காது. லேயர் ஃப்ரீஸில் இருக்கும்போது குரூப்பை நகர்த்தக் கூடாது என்பதை அன்றே அலுவலகத்தில் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். லேதா (LAYTHW) கட்டளையை இயக்கி அனைத்தையும் திறந்துவிட்டு, நகர்த்தி முடித்த பிறகு லேயர்பி (LAYERP) கட்டளையால் பழைய லேயர் நிலைக்குத் திரும்பலாம். இதற்குச் சில நொடிகள்கூட ஆகாது.

கதவும் மாடிப்படியும் சேர்ந்து தேர்வானதற்குக் காரணம், ஒரு பொருள் ஒன்றுக்கு மேற்பட்ட குரூப்களில் உறுப்பாக இருக்க முடியும் என்பது. இதைக் கண்டுபிடிப்பதற்குக் குரூப்டிஸ்பிளேமோட் என்ற மாறி பெரிதும் உதவியது. இதன் மதிப்பு இயல்பாக 2. அப்போது குரூப்பைத் தொட்டால் அதைச் சுற்றி ஒரு பெட்டியும் நடுவில் ஒரே ஒரு நீலப் பிடியும் தெரியும். முதல் தளத்தின் படுக்கையறைக் கதவைத் தொட்டபோது, கதவின் அளவுக்குச் சிறியதாக இருக்க வேண்டிய பெட்டி, கூடத்தைக் கடந்து மாடிப்படி வரை நீண்டு பரந்தது. பெட்டி அளவுக்கு மீறி நீள்கிறது என்றால், எங்கோ தொலைவில் வேண்டாத உறுப்பு ஒன்று இருக்கிறது என்று பொருள். மதிப்பை 0 ஆக்கினேன். இப்போது பெட்டி மறைந்து ஒவ்வோர் உறுப்பின் பிடியும் தனித்தனியே ஒளிர்ந்தது. கதவின் வளைகோடு, பலகையின் நீள்சதுரம், நிலைச் சட்டத்தின் இரு சிறு கோடுகள் ஆகியவற்றோடு மாடிப்படியின் படிக்கட்டுக் கோடுகளும் கைப்பிடிக் கோடும் நீலப் புள்ளிகளாக எழுந்தன. கிளாசிக்குரூப் பெட்டியில் உள்ள 'பெயரைக் கண்டறி' பொத்தானை அழுத்தி நிலைச் சட்டத்தின் ஒரு சிறு கோட்டைத் தொட்டபோது இரண்டு பெயர்கள் வந்தன. அந்த ஒரே கோடு கதவின் குரூப்பிலும் இருந்தது, மாடிப்படியின் குரூப்பிலும் இருந்தது. யாரோ குரூப் தேர்வை அணைத்துவிட்டு, தேர்வுச் சாளரம் இழுத்து மாடிப்படியைக் குரூப்பாக்கியபோது, சாளரத்தின் விளிம்பு இந்தக் கோட்டையும் தொட்டிருக்க வேண்டும். ஏற்கெனவே வேறு குரூப்பில் இருக்கும் பொருள் என்று மென்பொருள் எச்சரிப்பதில்லை. அது அனுமதிக்கப்பட்ட ஒன்று.

குரூப் தேர்வை அணைத்து, குரூப்எடிட் கட்டளையின் நீக்கும் வழியால் மாடிப்படியின் குரூப்பிலிருந்து அந்தக் கோட்டை மட்டும் எடுத்தேன். மீண்டும் தேர்வை ஒளிரவிட்டுத் தொட்டபோது பெட்டி கதவின் அளவுக்குச் சுருங்கியது. இரண்டாம், மூன்றாம் தளங்கள் முதல் தளத்திலிருந்து நகலெடுக்கப்பட்டவை என்பதால் அதே கோளாறு அங்கும் இருந்தது. ஒவ்வொன்றையும் அதே முறையில் சரிசெய்தோம்.

நகலெடுத்தது என்று சொல்லும்போதே அடுத்த சிக்கலுக்கு வந்துவிடுகிறோம். பெயருள்ள குரூப்பை நகலெடுத்தால், நகலுக்கு அந்தப் பெயர் போவதில்லை. நட்சத்திரக் குறியும் ஏ எழுத்தும் ஓர் எண்ணும் சேர்ந்த, மென்பொருளே இட்ட ஒரு பெயரில் புதிய குரூப் உருவாகிவிடும். இவை கிளாசிக்குரூப் பெட்டியில் முதலில் தெரியாது. பெயரற்றவற்றையும் காட்டு என்ற கட்டத்தில் குறியிட்ட பிறகுதான் தெரியும். குறியிட்டதும் பட்டியல் நீண்டுகொண்டே போனது. அத்தனையும் தளங்களை நகலெடுத்ததால் மட்டும் வந்தவையாக இருக்க முடியாது. இன்னொரு வழியும் உண்டு. குரூப்கள் உள்ள ஒரு வரைபடத்தைப் பிளாக்காக உள்ளே செருகினாலோ, எக்ஸ்ரெஃபாக (வெளிக் கோப்பைச் சுட்டும் இணைப்பாக) இணைத்தாலோ, அந்தக் குரூப்கள் இங்கே கிடைக்காது. ஆனால் அந்தப் பிளாக்கை எக்ஸ்பிளோட் செய்து உடைத்தாலோ, எக்ஸ்ரெஃபை பைண்ட் செய்து கோப்போடு சேர்த்துப் பிறகு எக்ஸ்பிளோட் செய்தாலோ, அவை பெயரற்ற குரூப்களாக வந்துசேரும். முந்தைய அலுவலகத்தார் தங்கள் பழைய வரைபடங்களிலிருந்து சோபா, கட்டில், கார், சமையலறைப் பொருள்கள் ஆகியவற்றை இந்த முறையில்தான் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று கருதுகிறேன். பின்னர் அவற்றில் பலவற்றை அழித்தும் இருக்கிறார்கள். உறுப்புகள் அனைத்தும் நீங்கினாலும் குரூப்பின் வரையறை வெறும் பெயராகக் கோப்பில் தங்கிவிடக்கூடும்.

எண்ணிப் பார்ப்பதற்குச் சிறு லிஸ்ப் நிரல் ஒன்றை எழுதினேன். குரூப்களின் பட்டியல்கள் எல்லாம் கோப்பின் பெயரிட்ட பொருள் அகராதிக்குள், குரூப்புக்கான தனி அகராதியில் இருக்கின்றன. டிக்ட்நெக்ஸ்ட் என்ற செயலி அதை ஒவ்வொன்றாக எடுத்துத் தரும். ஒவ்வொரு குரூப்பின் தரவிலும் 70-ஆம் குறியீடு அது பெயரற்றதா என்பதையும், 71-ஆம் குறியீடு அது தேர்வாகக்கூடியதா என்பதையும், 300-ஆம் குறியீடு விளக்கத்தையும் சொல்கின்றன. 340-ஆம் குறியீடு எத்தனை முறை வருகிறதோ அத்தனை உறுப்புகள். இவ்வளவையும் ஒரு வரியில் அச்சிடும் நிரல் பத்துப் பதினைந்து வரிகளுக்கு மேல் போகாது. பட்டியலைப் பார்த்தபோது இரண்டு செய்திகள் தெளிவாயின. பெயரற்ற குரூப்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன. அவற்றில் ஒன்றுக்குள் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட உறுப்புகள் இருந்தன. அது ஒரு தளத்தின் முழு வரைபடத்தையும் ஒரே குரூப்பாகக் கட்டிய ஒன்று. பல நூறு பொருள்களைக் கொண்ட பெரிய குரூப்கள் வேகத்தை மிகவும் குறைக்கும் என்று ஆட்டோகேட்டின் உதவிப் பக்கங்களே எச்சரிக்கின்றன. திரை மந்தமானதற்கு வேறு காரணம் தேட வேண்டியிருக்கவில்லை.

கலைக்கும்போது ஒரு கவனம் தேவை. கிளாசிக்குரூப் பெட்டியில் உள்ள எக்ஸ்பிளோட் பொத்தான் குரூப்பின் பட்டியலை மட்டும் கலைக்கும். உறுப்புகளை ஒன்றும் செய்யாது. ஆனால் கட்டளை வரியில் எக்ஸ்பிளோட் என்று தட்டி ஒரு குரூப்பைத் தொட்டால், அதற்குள் இருக்கும் பாலிலைன்கள் தனித்தனிக் கோடுகளாக உடையும், பிளாக்குகள் சிதறும். ஒரே பெயரில் இரண்டு வேறு வேலைகள். இந்தக் குழப்பத்தால் மூடிய பாலிலைனாக இருந்த அறைகள் எல்லாம் உதிரிக் கோடுகளாகி, பரப்பளவு எடுக்க முடியாமல் போன வரைபடங்களை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். கலைப்பதற்கு அன்குரூப் கட்டளையைப் பயன்படுத்துவது பாதுகாப்பானது. நூற்றுக்கணக்கில் இருப்பவற்றுக்குக் கையால் செய்வது பொருந்தாது என்பதால், அதே நிரலில் இன்னொரு பகுதியைச் சேர்த்தேன். அது பெயரற்ற குரூப்களை மட்டும் பொறுக்கி, டிக்ட்ரிமூவ் செயலியால் அகராதியிலிருந்து நீக்கும். பொதுவாக அகராதியிலிருந்து ஒன்றை எடுத்தாலும் அது கோப்பின் தரவில் தங்கிவிடும். குரூப்பும் மல்டிலைன் ஸ்டைலும் மட்டும் விதிவிலக்காக முழுவதும் நீங்கிவிடும். அதனால் இந்த வழி இங்கே சுத்தமாக வேலை செய்கிறது. எஞ்சியிருந்த வெற்றுப் பெயர்களைப் பர்ஜ் கட்டளை எடுத்தது. ஆட்டோகேட் எல்.டி. பயன்படுத்துபவர்கள் 2024-க்கு முந்தைய பதிப்பில் இருந்தால் லிஸ்ப் இயங்காது. அவர்கள் பெட்டியிலிருந்தே ஒவ்வொன்றாகச் செய்ய வேண்டியிருக்கும்.

இவ்வளவும் செய்த பிறகு கோப்பு இலகுவாகிவிட்டது. ஆயினும் தூண்களைக் குரூப்பாகவே விட்டுவைக்க எனக்கு மனம் வரவில்லை. அடுத்த முறை யாராவது மையக்கோட்டு லேயரை ஃப்ரீஸ் செய்துவிட்டு ஒரு தூணை நகர்த்தினால் பழைய கதைதான். ஒரே அளவில் திரும்பத் திரும்ப வரும் எதையும் குரூப்பாக வைக்கக் கூடாது, பிளாக்காகத்தான் வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தூண் அதற்கு முதன்மையான எடுத்துக்காட்டு.

எனவே 230-க்கு 450 மி.மீ. அளவுள்ள தூணுக்கு ஒரு பிளாக் வரையறுத்தோம். செருகுபுள்ளியைத் தூணின் மையத்தில் வைத்தோம். மூலையில் வைத்தால், பின்னாளில் தூணின் அளவு மாறும்போது மையம் விலகும். வெளிக்கோட்டையும் ஹேட்ச்சையும் பூஜ்ஜிய லேயரில் வரைந்தோம். அப்படி வரைந்தவை, பிளாக் எந்த லேயரில் செருகப்படுகிறதோ அந்த லேயரின் தன்மையை ஏற்றுக்கொள்ளும். மையக்கோடுகளை மட்டும் அவற்றுக்குரிய லேயரிலேயே விட்டோம். இதனால் மையக்கோட்டு லேயரை ஃப்ரீஸ் செய்யும்போது அவை மறையும். ஆனால் தூணை நகர்த்தினால் மறைந்த நிலையிலேயே தூணோடு சேர்ந்து நகரும், ஏனெனில் அவை இப்போது தனிப் பொருள்களல்ல, பிளாக்கின் வரையறைக்குள் இருப்பவை. தூண் எண்ணை ஆட்ரிபியூட்டாக (பிளாக்கோடு இணைந்த எழுத்து விவரமாக) அமைத்தோம். எண்ணின் லேயர் பூட்டியிருந்தாலும் தூண் நகரும்போது அதுவும் நகரும். செருகிய பிளாக்கின் லேயரைப் பூட்டினாலோ ஃப்ரீஸ் செய்தாலோ என்ன நடக்கும் என்பதையும் இளைஞருக்குச் செய்து காட்டினேன். பூட்டினால் முழுத் தூணும் அசையாது. ஃப்ரீஸ் செய்தால், உள்ளே இருக்கும் கோடுகளின் லேயர் திறந்திருந்தாலும் முழுத் தூணும் மறைந்துவிடும். எதுவானாலும் தூண் முழுமையாகவே நிற்கும், பிரியாது. நமக்கு வேண்டியது அதுதான்.

குரூப்களுக்குப் பதிலாகப் பிளாக்கைச் செருகும் வேலையைக் கையால்தான் செய்தோம். முதலில் ஒவ்வொரு தளத்திலும் கட்டத்தின் அச்சுக்கோடுகளைச் சரிபார்த்து, மேற்கு வரிசையின் அச்சை 150 மி.மீ. தள்ளி, அச்சுகள் வெட்டும் இடங்களில் பிளாக்கைச் செருகி, பழைய தூண் குரூப்களை எல்லா லேயர்களும் திறந்த நிலையில் அழித்தோம். பழைய தூண்களின் மையம் எங்கே இருந்தது என்று தேடி அதன்மேல் பிளாக்கை வைப்பதைக் காட்டிலும், அச்சை வைத்துப் புதிதாக அமைப்பதே நம்பிக்கையானது. இரண்டு இடங்களில் பழைய தூண்கள் அச்சிலிருந்து சில மில்லிமீட்டர் விலகியிருந்தது இந்த வேலையின்போதுதான் தெரிந்தது. பிளாக்காக்கியதால் இன்னொரு பயனும் கிடைத்தது. 2022 பதிப்பில் வந்த கவுண்ட் கட்டளையால் தூண்களை எண்ண முடிந்தது. ஆட்ரிபியூட்டிலிருந்து தூண் அட்டவணையை நேரடியாக எடுக்க முடிந்தது. குரூப்பிலிருந்து இவை எதுவும் கிடைக்காது.

கழிவறைப் பொருள்கள், கதவுகள், கார்கள் ஆகியவற்றையும் இதே போலப் பிளாக்காக மாற்றினோம். கழிவுநீர்த் தொட்டியின் விவரப் படத்தையும் மாடிப்படியின் வெட்டுத்தோற்றத்தையும் குரூப்பாகவே விட்டேன். அவை ஒருமுறை மட்டுமே வருபவை. அளவுக்கோடுகளும் குறிப்புகளும் நிறைந்தவை. அடிக்கடி நீட்டவும் வெட்டவும் வேண்டியவை. அவற்றைப் பிளாக்காக்கினால் ஒவ்வொரு சிறு திருத்தத்துக்கும் பிளாக் எடிட்டருக்குள் போய்வர வேண்டும். குரூப்பில் அந்தத் தொல்லை இல்லை: தேர்வை ஒரு நொடி அணைத்து, திருத்தி, மீண்டும் ஒளிரவிடலாம். இவற்றுக்குப் பெயரோடு, என்ன, எந்தத் தளத்துக்கு உரியது என்ற விளக்கத்தையும் குரூப்பின் விளக்கக் கட்டத்தில் எழுதினோம். பெயரற்ற குரூப் ஒன்றுகூட மிச்சமில்லை என்பதை நிரலை மீண்டும் இயக்கி உறுதிசெய்தேன்.

இறுதிச் சோதனைக்கு 2019 பதிப்பில் அறிமுகமான ஒப்பீட்டுக் கட்டளையைப் பயன்படுத்தினோம். எல்லா லேயர்களையும் திறந்துவிட்டு, முதலில் சேமித்த நகலையும் திருத்திய கோப்பையும் ஒப்பிட்டபோது மாறியவை தனி நிறத்தில் வந்தன. மேற்கு வரிசையில் நான்கு தளங்களிலும் ஒரே அளவு விலகல் தெரிய வேண்டும், வேறெங்கும் சுவரோ கதவோ நகர்ந்திருக்கக் கூடாது என்பதை இளைஞர் ஒவ்வொரு தளமாகப் பெரிதாக்கிப் பார்த்துக் குறித்தார். இரண்டாம் தளத்தில் ஒரு ஜன்னலின் கோடு மட்டும் தனி நிறத்தில் தெரிந்தது. பழைய பெயரற்ற குரூப் ஒன்றில் உறுப்பாக இருந்த அந்தக் கோடு, முதல் நாள் சோதனையில் ஒரு தூணோடு சேர்ந்து நகர்ந்திருந்தது. அதைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து, அச்சுக்கு அனுப்பும் தாள்களைப் புதுப்பித்தோம். ஒவ்வொரு வரைபடம் திறக்கும்போதும் தானே இயங்கும் தொடக்க லிஸ்ப் கோப்பில் பிக்ஸ்டைலை 1 ஆக்கும் வரி ஒன்றை அலுவலகத்தின் எல்லாக் கணினிகளிலும் சேர்த்திருக்கிறேன். வெளியிலிருந்து வரும் கோப்புகளுக்கு, குரூப் பட்டியலை அச்சிடும் அந்தச் சிறு நிரலை வேலை தொடங்குமுன் இயக்கிப் பார்ப்பது இப்போது வழக்கமாகிவிட்டது.